நாலு நூல் உயரம்

என் அப்பாவை வேலை இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் கருவி அது. அதன் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும். குமிழி நடுவில் நின்றால் தரை சரி. அப்பாவுக்கு அந்தக் கருவி தேவைப்படாது. வாசலில் நின்று இடது கண்ணை மூடிக்கொண்டு அறையை ஒரு பார்வை பார்ப்பார். "அந்த மூலை ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். கருவியை வைத்துப் பார்த்தால் அந்த மூலை ஒரு நூல் இறங்கித்தான் இருக்கும்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பெருமைதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

ஒரு தடவை ஒரு பெரிய கட்டடத்தில் இன்ஜினியர் ஒருவர் புத்தம் புதுக் கருவியை வைத்து, நாங்கள் போட்ட தரை இரண்டு நூல் ஏறியிருக்கிறது, முழுவதையும் பெயர்த்தெடு என்றார். அப்பா கருவியை அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்துக் காட்டினார். இப்போது அது இரண்டு நூல் இறங்கியிருப்பதாகக் காட்டியது. கருவிதான் கோளாறு. இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அப்போது கல்யாணமான புதிது. கலவைச் சட்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு என் மண்டையில் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. கருவி பொய் சொல்லும், அப்பாவின் கண் சொல்லாது.

இனிமையான மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். முப்பது வருடம் அவருக்குக் கீழே டைல்ஸ் போட்டிருக்கிறேன். ஒரு நாளாவது 'நல்லா இருக்குடா' என்று சொன்னதில்லை. பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டால் நன்றாக இருக்கிறது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். அம்மா இருந்தவரைக்கும் அவரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். அவள் போன பிறகு அவருக்குக் கடிவாளமே இல்லை. எழுபத்தொன்றாவது வயதில் முழங்கால் மக்கர் செய்ததால் வேலைக்குப் போவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு நான் சாயங்காலம் வீடு திரும்பியதும் அன்றைய வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டே துளைத்தெடுப்பார்.

எழுபத்து மூன்றாவது வயதில், ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"டேய், இங்க வா. தரை சாயுதுடா."

'தலை சுத்துது' என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, கடைசி வரைக்கும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. தரை சாயுது, தரை இறங்குது, தரை ஓடுது. குற்றம் எப்போதும் தரையின் மேல்தான்.

வாரத்துக்கு ஒரு முறை வந்தது, பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை என்று ஆனது. காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அப்பாவைப் படுக்க வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். காதுக்குள் இருக்கும் பொடிக்கல் இடம் மாறினால் இப்படி வரும், ஆனால் இது அது மாதிரி தெரியவில்லை என்றார். பிறகு ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் காதைச் சோதித்தார்.

"இடது காது ரொம்ப மந்தமா இருக்கே. எவ்வளவு நாளா?"

அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ரெண்டு வருஷமா சார். தரை பாலிஷ் மெஷின் சத்தம். எங்க தொழில்ல எல்லாருக்கும் இப்படித்தான்."

"எல்லாருக்கும் ரெண்டு காதும்தானே போகும்? இவருக்கு ஒரு காது மட்டும்தானே மோசம்?"

"மெஷினை இடது பக்கமா வச்சுத் தள்ளுவார் சார்."

அந்த மெஷினை இரண்டு கையாலும் நேர் முன்னால் பிடித்துத் தள்ள வேண்டும். இடது பக்கமும் கிடையாது, வலது பக்கமும் கிடையாது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கேள்வி கேட்டார், ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் கொடுத்தார். ஸ்கேனுக்கு அடுத்த வியாழக்கிழமை நேரம் கிடைத்தது.

அதற்குள் தெருவே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா இஞ்சிச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். பெயிண்ட் கடைக்காரர் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து மோந்து பார்க்கச் சொன்னார். தலையணையே கூடாது என்றான் ஒருவன். மூன்று தலையணை வேண்டும் என்றான் இன்னொருவன். என் மச்சான் பிடிவாதமாகக் கூட்டிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்ட பிறகு தரை சாய்வதோடு வளையவும் செய்கிறது என்றார் அப்பா. உப்பைக் குறைத்தால் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு என் மனைவி உப்பில்லாமல் சமைத்தாள். இரண்டாவது நாளே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இது என்ன சோறா, கலவையாம்மா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் தடுமாறினார். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கத்தினார்.

"நான் சொல்றேன், நீ நம்ப மாட்டேங்கற. மட்டத்தை எடுத்து வைடா!"

அவர் வாயை அடைப்பதற்காகத்தான் கருவியை எடுத்து வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடியது. கட்டிலை ஒட்டிய இடம் சுவர்ப்பக்கமாக இரண்டு நூல் இறங்கியிருந்தது. சுவருக்குள் இருந்த குழாய் பல நாளாகக் கசிந்து, அடியில் இருந்த மண் உட்கார்ந்துவிட்டிருக்கிறது.

எனக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை! தரைதான் கோளாறு! என் மனைவிக்கும் வாயெல்லாம் பல். அந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மாமா கண்ணுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல பாருங்க" என்று எனக்கு ஒரு குத்து வேறு.

அன்றைக்கே உடைக்க ஆரம்பித்தேன். குழாயை மாற்றி, அடியில் ஜல்லி போட்டு இடித்து, வியாழக்கிழமை கலவை கொட்டினேன். கலவை கொட்டிவிட்டு நடுவில் எழுந்து போக முடியாது. ஸ்கேனை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சீட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். ஐந்து நாளில் அறை முடிந்தது. அப்பா அந்த அறையில் ஒன்பது நாள் சுவரைப் பிடிக்காமல் நேராக நடந்தார். ஒன்பது நாளும் நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நோய் தானாகவே சில நாள் அடங்கும், சில நாள் ஆடும் என்று அப்போது எனக்கு யார் சொல்வார்கள்? சீட்டு அலமாரியிலேயே கிடந்தது.

பத்தாவது நாள் கூடத்தில் விழுந்தார். நெற்றியில் அடி.

"கூடமும் சரியில்லடா. கிழக்குப் பக்கம் இறங்குது."

கருவியை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. திருப்பி வைத்தேன். அப்போதும் நடுவில்தான். கருவி பழசு என்று கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். அதுவும் அதையே சொன்னது. கடைசியில் நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நானும் மறு முனையை என் மனைவியும் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நாலு மூலையும் பார்த்தோம். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது, இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். கூடம் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் அதைப் போட்டதே அவர்தான்.

என் மனைவி குழாயைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். "மாமா கண்ணு தப்பா இருக்கலாம் இல்லீங்களா? அந்த ஸ்கேன்..."

நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். "உனக்கு என்ன தெரியும் தரையைப் பத்தி?" என்று கேட்டேன். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், தரையைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். தெரியாததால்தான் அவளுக்குப் புரிந்தது.

அப்பாவிடம் போய் 'கூடம் சரியாத்தான் இருக்கு, உங்க கண்ணுதான் தப்பு' என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கண்ணைத் தவிர அவரிடம் வேறு என்ன இருக்கிறது? முழங்கால் போயிற்று, பெண்டாட்டி போனாள், ஒரு காது போயிற்று. இதையும் நானே போய்ப் பிடுங்கிக்கொள்வதா? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பயந்தேன். நாற்பத்தொன்பது வயதில், நரைத்த தலையோடு, அப்பாவிடம் பேசப் பயந்தேன்.

கூடத்தை உடைத்தேன்.

அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, விழாமல் இருக்க இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேலையை நடத்தினார். கருவியை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துவிட்டேன். தரை உயரத்துக்கு அவர் சொன்னபடி கயிறு கட்டினேன்.

"கிழக்க ஒரு நூல் தூக்கு."

தூக்கினேன்.

"இன்னும் ஒண்ணு."

நாலு தடவை சொன்னார். நாலாவது தடவை பூச்சுக் கரணையைப் பிடித்த என் கை கூசியது. தெரிந்தே கோணலாகப் போட்ட தரை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். "இப்ப சரி" என்றார். அன்றைக்கு மத்தியானம் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

தரை அரை அங்குலம் ஏறிவிட்டதால் கிழக்கு அறைக் கதவு இடித்தது. அடியைச் சீவி எடுத்தேன். தரை துடைத்த தண்ணீர் மேற்குச் சுவரோரம் போய் நின்றது. என் மனைவி துணியைப் போட்டு ஒற்றி எடுப்பாள். பேனா கீழே விழுந்தால் மேற்கே உருண்டுபோய்த்தான் நிற்கும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாலாம் நாள் அப்பா அந்தத் தரையிலும் விழுந்தார். அதன் பிறகு சமையலறை வாசல், குளியலறைப் படி என்று அவர் கை காட்டிய இடத்தையெல்லாம் கொத்திப் பூசினேன். வேலைக்குப் போகிற நாளைவிட வீட்டில் உடைக்கிற நாள் கூடிப்போனது. மாத்திரைக்காகக் காது டாக்டரிடம் போவதைக்கூட விட்டுவிட்டேன். போனால் ஸ்கேன் எங்கே என்று கேட்பாரே. மாதங்கள் ஓடின. காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்ததில் இடுப்பு உயரத்துக்கு அழுக்குக் கோடு ஒன்று வீடு முழுக்க விழுந்துவிட்டது. கரண்டி வாய்க்குப் போகாமல் தாடைக்குப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் மழித்துக்கொண்டு வெளியே வந்தார். இடது கன்னத்தில் ஆழமாக வெட்டு. ரத்தம் கழுத்து வரைக்கும் ஒழுகிச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. என்னிடம் செய்தித்தாள் கேட்டார்.

என் மனைவி துணியால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அந்தச் சீட்டு எங்க?" என்றாள். இந்தத் தடவை நான் எரிந்து விழவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இடது காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டி, ஒரு கட்டி. எலுமிச்சம்பழ அளவு இருந்தது. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற ரகம், காது கேட்கிற நரம்பையும் நிதானத்தைக் காக்கிற நரம்பையும் கன்னத்து உணர்ச்சியையும் கெடுத்துவிட்டு இப்போது மூளைத்தண்டை அழுத்துகிறது என்றார்.

"ஒரு காது மட்டும் மந்தமானப்பவே யாரும் ஸ்கேன் எழுதலையா?"

என் மனைவி சீட்டை மேசைமேல் வைத்தாள். அவர் தேதியைப் பார்த்தார். பதினொரு மாதம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"அப்ப இது சின்னதா இருந்திருக்கும். கதிர் வச்சே நிறுத்தப் பார்த்திருக்கலாம். இப்ப திறந்துதான் எடுக்கணும். இந்த வயசுல, எழுந்து நடப்பாரான்னு நான் சொல்ல முடியாது."

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டி என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப தரை?"

"தரையும் கோணல்தான்பா. நீங்க சொன்னது சரிதான்."

"நான் சொன்னேன்ல" என்றார். முகம் தெளிந்துவிட்டது. நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தார்.

ஏழு மணி நேரம் ஆயிற்று. உயிரோடு வெளியே வந்தார். முகத்தின் இடது பாதி தொங்கிப்போனது. இடது இமை மூடவில்லை. கண் காய்ந்துபோகாமல் இருக்க அதன்மேல் பஞ்சை வைத்து ஒட்டியிருந்தார்கள். இரண்டு மாதம் அங்கேயே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்தால் நாலு அடி வைப்பார். ஐந்தாவது அடிக்குக் கால் துவண்டுவிடும். கடைசியில் சக்கர நாற்காலியோடு அனுப்பி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று பகல் பதினொரு மணி இருக்கும். நாற்காலியைக் கூடத்து வாசலில் நிறுத்திவிட்டுப் பைகளை எடுக்கத் திரும்பினேன். அப்பா கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணிப்போனதால் பேச்சு குழறும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"கிழக்க நாலு நூல் தூக்கலா இருக்கு."

என் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "அது உங்களுக்கு அப்படித் தெரியுது மாமா. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாரே" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணில் இருந்த பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கட்டி என்று சொன்னபோதுகூட அவர் அப்படிப் பயப்படவில்லை.

ஆமாம்பா, உங்களுக்குத்தான் அப்படித் தெரியுது என்று நானும் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். தன் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே சாகும்வரை இருந்திருப்பார். என்னால் அது முடியவில்லை.

"இல்லப்பா. நாலு நூல்தான். சரியாச் சொன்னீங்க."

"யார் போட்டது?"

"நான்தான்."

"யார் சொல்லி?"

"நீங்க சொல்லித்தான்."

அவர் மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மட்டம் வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்ன காட்டுச்சு?"

"சமமாத்தான் காட்டுச்சு. ரெண்டு கருவி வச்சுப் பார்த்தேன். தண்ணிக் குழாயும் பார்த்தேன்."

"அப்புறம் எதுக்குடா என் பேச்சைக் கேட்ட?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். அவர் கூடத்தில் விழுந்த அன்றைக்கே அந்தக் கருவியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, குமிழியைக் காட்டியிருந்தால் போதும். இரண்டு திட்டு திட்டியிருப்பார். ஒரு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார். அப்புறம் கருவி சொன்னால் கேட்கிற மனிதர்தான் அவர். தன் கண் பிசகியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு டாக்டரிடம் வந்திருப்பார். அவரை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் காட்டவில்லை.

"நாளைக்கே உடைச்சுச் சரியாப் போட்டுடறேன்பா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடு" என்றார். "இனிமே இதுல நான் நடக்கப் போறதில்ல."

அதன் பிறகு பதினாலு மாதம் இருந்தார். என்ன சாப்பாடு என்று கேட்பார், மழை வருமா என்று கேட்பார். நான் வேலையிலிருந்து வந்ததும், இன்றைக்கு எங்கே போட்டாய், என்ன போட்டாய் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.